பின்பாரம்

வேகமுள் ஐம்பத்தைந்தைத் தொட்டால்தான் அது ஆரம்பிக்கும்.

ஐம்பது வரைக்கும் படகு ட்ரெய்லரில் ஒழுங்காகப் பின்னால் வரும். ஐம்பத்தைந்தில் ட்ரெய்லரின் வால் இடப்பக்கம் ஒரு சாண் விலகும். பிறகு வலப்பக்கம் ஒன்றரைச் சாண். மூன்றாவது வீச்சில் காரின் பின்பக்கமும் சேர்ந்து ஆடும். ஷாலினி பிரேக்கைத் தொடமாட்டாள். தொட்டால் கார் மெதுவாகும், ட்ரெய்லர் மெதுவாகாமல் காரைத் தள்ளும், இரண்டும் கத்தரிபோல மடங்கிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருப்பாள். ஆட்டம் அடங்கும்.

குமாரபாளையம் புறவழிச்சாலையில் மூன்று நாளில் மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. மூன்று முறையும் நல்ல வெயில், காற்றே இல்லை. மூன்று முறையும் ஓரங்கட்டி இஞ்சினை அணைத்து, எல்லாம் அசைவற்று நின்ற பிறகு, படகின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. களக். யாரோ உட்கார்ந்தபடியே இடம் மாறி உட்கார்ந்ததுபோல.

மூன்றாம் முறை இறங்கிப்போய்த் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள். படகு இரண்டு வருடமாகத் தண்ணீரையே பார்க்கவில்லை. ஆனால் பின்சீட்டு நடுவில் ஈரமாக இருந்தது. ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு.

அந்தச் சீட்டில் கடைசியாக உட்கார்ந்து படகை ஓட்டியவன் அவள் கணவன் முருகானந்தம். தறிப்பட்டறையை மூடிய ஒரு கோடையில், ஃபைபர் துணியும் பசையும் வாங்கித் தானே செய்த படகு. காவிரியில் வெள்ளம் வரும்போது ஆற்றோரத் தெரு ஜனங்களை ஏற்றிவர. இரண்டு வருடம் முன்பு, ஆடியில், ஐந்து முறை போய் எல்லோரையும் ஏற்றிவந்தான். ஆறாவது முறை யாரோ கூப்பிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் படகு பவானிப் பாலத்துத் தூணில் கவிழ்ந்து கிடந்தது. அவன் மூன்றாம் நாள் கிடைத்தான். யாரும் கூப்பிடவில்லை என்று தெருவே சொன்னது.

அதே தெரு இந்த வருடமும் படகில்லாமல் இருக்கக்கூடாது என்பது ஷாலினியின் பிடிவாதம். ஆற்றின் எந்தப் படித்துறைக்கும் பத்து நிமிடத்தில் கொண்டுபோக வேண்டும், அதற்குத்தான் இந்த ட்ரெய்லர்.

கொழுந்தன் குணசீலன் வாசலில் நின்று படகைப் பார்த்தான். கிட்டே வரவில்லை.

"அண்ணி, சொன்னா கோவிச்சுக்காதீங்க. அண்ணன் இன்னும் எறங்கலீங்க."

"எறங்காம என்ன பண்றாராமா?"

"உங்களயும் இழுக்கறாருங்க. நாளைக்கு வண்டி கவுந்தா உங்க பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லறது? புதங்கெழம அணையில தண்ணி கூட்டறாங்க. அதுக்குள்ள இது ஒழுங்கா ஓடலீன்னா கட்டர வெச்சு அறுத்துப் போட்டுருவேன். ஆமா."

அன்று திங்கட்கிழமை.

அவள் நாமக்கல்லுக்குப் போன் போட்டாள். லாரிக்கு பாடி கட்டும் கந்தவேல்தான் காரையும் ட்ரெய்லரையும் தயார் செய்தவர். வேலையில் குறை சொல்ல முடியாது. ட்ரெய்லரை இழுக்கும் கொக்கியைக் காரின் பம்பரில் மாட்டாமல் அடிச்சட்டத்திலேயே போல்ட் போட்டிருந்தார். கொக்கி கழன்றாலும் ட்ரெய்லரின் முன்முனை, அதன் மூக்கு, ரோட்டில் குத்தாதபடி இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டியிருந்தார். பின்விளக்குக்கு வயர், அகலக் கண்ணாடிகள், எல்லாம் சரி. மத்தியானமே வந்துவிட்டார்.

"அம்முணி, இருவது வருசமா ட்ரெய்லர் கட்டறேன். இதுக்குப் பேயெல்லாம் புடிக்காதுங்க. இங்க பாருங்க." ட்ரெய்லரின் மூக்கைக் காரிலிருந்து கழற்றி, ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினார். "எப்படி? பூ மாதிரி! ஊட்டுல எங்கப்பன் வண்டி கட்டறப்பச் சொல்லுவாரு, மாட்டுக் கழுத்துல பாரம் உக்காரக் கூடாதுன்னு. படகப் பின்னால தள்ளித் தள்ளி வெச்சு, அப்படி நிறுத்திக் குடுத்திருக்கறேன்."

"காருக்குக் கழுத்து வலிக்குமுங்களாண்ணா?" என்றாள் ஷாலினி.

கந்தவேல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்த ஒற்றை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாட்டுவண்டி மாட்டின் நடைக்குப் போவது. அங்கே முன்பக்கம் லேசாக இருந்தால் மாட்டுக்குச் சுகம். வேகமாகப் போகும் ட்ரெய்லருக்கு அது ஆகாது. பாரம் சக்கர அச்சுக்கு முன்னால் இருந்தால், வால் விலகும்போது தானே நேருக்கு வரும். பாரம் பின்னால் போய்விட்டால், ஒவ்வொரு விலகலும் அடுத்ததைப் பெரிதாக்கும். மூக்கு காரை அழுத்தித்தான் ஆக வேண்டும், மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு.

நூல் மூட்டை நிறுக்கும் மேடைத்தராசை உருட்டிவந்து மூக்கை அதன்மேல் வைத்தாள். மூன்று கிலோ.

பிறகு ட்ரெய்லரை மெதுவாக லாரி எடை மேடைக்கு இழுத்துப்போய், காரிலிருந்து கழற்றி, படகோடு சேர்த்து நிறுத்தாள். காலி ட்ரெய்லர் நூற்றுத்தொண்ணூறு கிலோ என்று கந்தவேலின் ரசீதிலேயே இருந்தது. படகு இருநூற்றறுபது என்று முருகானந்தம் அதன் உட்புறம் பெயின்டில் எழுதியிருந்தான். இரண்டும் சேர்ந்தால் நானூற்றைம்பது. எடை மேடை ஐந்நூற்று முப்பது காட்டியது.

எண்பது கிலோ கூடுதல். கூட வந்திருந்த குணசீலனின் முகம் வெளுத்தது.

"அண்ணன் எடைங்க அது," என்றான் மெதுவாக.

ஷாலினிக்கும் அது தெரியும். கவிழ்ந்தாலும் மிதக்கட்டும் என்று பின்சீட்டுக்கு அடியில் அவன் காற்றுப்பெட்டி ஒன்று வைத்து, எல்லாப் பக்கமும் பசை போட்டு அடைத்திருந்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். அடைத்த பெட்டிக்குத் தண்ணீர் வெளியேற வழி வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சீட்டின்மேல் கையால் தடவிப் பார்த்தாள். ஈரம் இருந்த இடத்தில், நகம் நுழையாத ஒரு விரிசல். படகின் பின்சுவரில், பெட்டியின் அடிமட்டத்தில், ட்ரில்லை வைத்து அழுத்தினாள்.

தண்ணீர் வந்தது. கறுத்த தண்ணீர். சேறும் ஆகாயத்தாமரையும் அழுகிய வாடை. இரண்டு வருடம் முந்தைய காவிரி, அவன் போன அன்றைக்குப் புகுந்தது, சீட்டுக்கு அடியில் உட்கார்ந்தே இருந்திருக்கிறது. குணசீலன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். இருபது லிட்டர் வாளி நான்கு நிறைந்தது. கடைசிச் சொட்டு விழுந்ததும் உள்ளே காற்று ஒரு முறை இழுபட்டது, பெருமூச்சுபோல. கந்தவேல் இரண்டடி பின்னால் போனார்.

பாதி நிறைந்த பெட்டியில் தண்ணீர், வண்டி நின்ற பிறகும் மறுபக்கம் ஓடி மோதும். அதுதான் களக். ஆட்டத்தில் விரிசல் வழியாகக் கொஞ்சம் மேலே வரும். அதுதான் ஈரம்.

"அப்ப அண்ணன் இல்லீங்களா, அண்ணி?"

அவள் நான்கு வாளிகளையும் காரில் ஏற்றி, ஆற்றுக்குப் போய்த் தானே ஊற்றிவிட்டு வந்தாள்.

தராசில் மூக்கு இப்போது முப்பத்தைந்து காட்டியது. பட்டையைத் தளர்த்தி மூவருமாகப் படகை முன்னால் அரையடி நகர்த்தினார்கள். நாற்பத்தெட்டு. துளைக்குப் பித்தளை மூடி ஒன்றும், விரிசலுக்குப் பசையும் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதே புறவழிச்சாலையில், குணசீலன் பக்கத்து சீட்டில் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்க, ஐம்பத்தைந்து, அறுபது, அறுபத்தைந்து. ட்ரெய்லர் ஆடவில்லை. ஓரங்கட்டி இஞ்சினை அணைத்துவிட்டு வெகுநேரம் காது கொடுத்தாள். சத்தம் இல்லை. பெட்டியில் தண்ணீர் இல்லை, மூக்கில் நாற்பத்தெட்டு கிலோ இருக்கிறது, படகு நேராக வருகிறது.