தூசி தட்டிய ஞாயிறு

கணினியில் கோப்பு திறக்கப் பதினோரு நிமிடம் ஆனது. என் மனைவி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து அதைக் காகிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். முந்தின நாளும் பதினொன்று.

"பல் தேய்ச்சு, குளிச்சு, துணி காயப்போட்டுட்டு வந்தாலும் இது கண்ணு முழிக்காது," என்றாள். "என்னை மாதிரிதான். எல்லாத்துக்கும் லேட்டு."

அவள் கட்டடங்களுக்குக் குழாய் வரைபடம் போடுகிறவள். பன்னிரண்டு மாடியில் எந்தக் குளியலறைத் தண்ணீர் எந்தக் குழாயில், எவ்வளவு சரிவில் இறங்க வேண்டும் என்பதைக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்தபடி தீர்மானிப்பாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஊர் அழுக்குக்கெல்லாம் வழி காட்டுறேன்," என்பாள். படத்துக்கு இவ்வளவு என்று கூலி. படம் வராத மாதத்தில் ஒன்றும் கிடையாது.

இப்போது ஒரு நிறுவனம் கூப்பிட்டிருந்தது. மாதச் சம்பளம், வீட்டிலிருந்தே வேலை. ஆனால் முதலில் ஒரு பரீட்சை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு கட்டடத்தின் படத்தை அனுப்புவார்கள். மாலை ஐந்துக்குள் குழாய்களைப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னும் இதே போல் ஒரு பரீட்சை வந்தது. நாற்பது நிமிடம் தாமதமாக அனுப்பினாள். வேலை வேறு யாருக்கோ போனது. அன்றிலிருந்து தன் கையைப் பற்றி அவளுக்கு ஒரு முடிவு இருந்தது. "எனக்குக் கை மெதுவு," என்பாள். வருத்தமாகக் கூட இல்லை, ஒருவர் தன் உயரத்தைச் சொல்வது போல.

அந்தக் கணினியை எட்டு வருடத்துக்கு முன் அவள் தம்பி தன் கையால் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தான். முடித்ததும் மூடியும் பெட்டியும் சேரும் இடத்தில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்திட்டான். "இதைக் கிழிச்சா வாரண்டி போச்சுக்கா," என்றான். வாரண்டி கொடுப்பவனும் அவன்தான்.

ஆக, அந்த வாரம் வீட்டில் ஒரே பேச்சு: பழைய பெட்டிக்குப் புது ப்ராசஸர் போடுவதா, வேண்டாமா. அவள் ஒரு காகிதத்தின் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் 'மாத்தினா', மறுபக்கம் 'மாத்தாட்டி' என்று எழுதி வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் நிரம்பிக்கொண்டே வந்தன.

"எதுக்கு?" என்றேன் நான். "மூளையை மட்டும் மாத்தி என்ன ஆகப்போகுது? மத்ததெல்லாம் பழசுதானே. அது தாங்கணுமே."

என் குரல் எப்போதும் நிதானமாக இருக்கும். அதைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். 'மாத்தாட்டி' என்ற பக்கத்தில் அவள் நான் சொன்னதை எழுதிக்கொண்டாள்.

பதினோரு நிமிடத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும்.

நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இழப்பீடு கேட்டு வரும் கடிதங்களை நாள் முழுக்கப் படிப்பதுதான் வேலை. எரிந்த கடை, இடிந்த சுவர், முறிந்த கால். வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு நாற்காலியும் ஒரு புத்தகமும் போதும், யாரும் பேசாமல் இருந்தால். என் நாற்காலிக்கும் அவள் மேசைக்கும் நான்கடி தூரம். கணினி வந்த முதல் வாரம், அதன் மின்விசிறி அடுப்பில் எதையோ வைத்து மறந்துபோனது போலக் கொதித்துக்கொண்டே இருந்தது. ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவள் தோழியைப் பார்க்கப் போயிருந்தாள். பெட்டியோடு வந்த கையேட்டைத் தம்பி இழுப்பறையில் விட்டுப் போயிருந்தான். எழுத்து என்றால் மருந்துச் சீட்டையும் விடாமல் படிக்கிறவன் நான். கணினியைப் போடும்போதே ஒரு விசையை அழுத்தினால் நீலத் திரை ஒன்று வரும், அங்கே ப்ராசஸரின் நான்கு கோர்களில் இரண்டை அணைக்கலாம், வேகத்துக்கும் வரம்பு கட்டலாம் என்று அதில் இருந்தது. நான்கு பேர் பார்க்கிற வேலையில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்ச இருவரை மெல்ல நடக்கச் சொல்வதுதான். செய்தேன். விசிறி அடங்கியது. அந்த மத்தியானம் ஒரு தடித்த நாவலை முடித்தேன். நல்ல நாவல். அது இன்றைக்கும் எனக்கு வரிவரியாக ஞாபகம் இருக்கிறது.

அவள் வந்தாள். "சத்தமே இல்லையே. என்ன பண்ணீங்க?"

"திறந்து தூசி தட்டினேன்."

அவளுக்கு ஒரே பெருமை. தம்பியிடம் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் வாயத் திறக்கமாட்டார். ஆனா பெட்டியத் திறக்கத் தெரியும்."

அப்போது படங்கள் சின்னவை. வித்தியாசம் தெரியவில்லை. போகப்போகக் கட்டடங்கள் உயர்ந்தன, கோப்புகள் கனத்தன. நான் அந்த ஞாயிறை மறந்துவிட்டேன். இதைச் சொல்லும்போது என்னையே நம்புகிறேன், ஏனென்றால் ஞாபகம் வந்த நாளும் தெரியும். அந்த வேலை கிடைக்கவில்லை என்று கடிதம் வந்த மூன்றாம் நாள், தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது. உள்ளே அவள் தம்பியிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இல்லடா, எனக்குக் கை மெதுவு. அதான் விஷயம்."

கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நீலத் திரைக்குப் போய்ப் பழையபடி வைத்திருக்கலாம். வைத்தால் சத்தம் திரும்பும். சத்தம் வந்தால் கேட்பாள். இதையெல்லாம் யோசித்தேன் என்பது உண்மை. அந்த அமைதி எனக்கு வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

செவ்வாய்க்கிழமை மாலை தம்பியைக் கூப்பிட்டு, தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"அந்த போர்டுல இதைவிடப் பெரிய ப்ராசஸர் உக்காரும்க்கா," என்றான். "கடையில பழசா வாங்கினா போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திரு."

"மாத்தினாலும் உக்காந்து வரையப்போறது நான்தானேடா."

"அதுக்கு நான் ஸ்பேர் வச்சிருக்கலை. மாமா என்ன சொல்றார்?"

"வேண்டாங்கறார்."

"மாமா வேண்டாம்னு சொல்லாத பொருள்னு ஒண்ணு உண்டா, புத்தகத்தைத் தவிர?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பேசி முடித்ததும் வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பேசாம பரீட்சைக்கு வரலைன்னு எழுதிடட்டுமா? இன்னொரு தடவை அதே பதில வாங்கணுமா?"

ஒரு வார்த்தை போதும். அது வாயில் வந்து நின்றது.

"உன் இஷ்டம்," என்றேன்.

அவள் காகிதத்தை நான்காக மடித்தாள். விரித்தாள். அப்புறம் கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் பெண்ணை அழைத்தாள். நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு வேலை செய்வதால் எல்லோரும் அவளை டார்ச் என்பார்கள். வியாழக்கிழமை காலை ப்ராசஸரோடு வருவதாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். மனைவி குளிக்கப் போனதும் மேசையருகே போய் நின்றேன். அணைத்து, போட்டு, அந்த விசையை அழுத்த நான்கு நிமிடம் ஆகும். விரல் பொத்தான் மேல் இருந்தது. குளியலறையில் தண்ணீர் நின்றது. நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன்.

டார்ச்சுக்கு முப்பது வயது இருக்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பெட்டியைத் திருப்பினாள்.

"இந்த சீல் யாரோடதுக்கா?"

"என் தம்பியோடது."

"கிழிக்கலாமா? கேஸ் போடமாட்டாரே?"

பிளேடால் கீறி மூடியை எடுத்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் தூசி மெத்தையாகப் படிந்திருந்தது. விசிறியின் இறக்கைகளே தெரியவில்லை.

"அம்மாடி. இதுல ஒரு தலையணை தைக்கலாம். பிறந்ததிலேருந்து இதை ஒருத்தரும் தொட்டதில்லை போல."

என் மனைவி குனிந்து, கீழே விழுந்த காகிதப் பட்டையை எடுத்தாள். அதிலிருந்த தேதியைப் படித்தாள். என்னைப் பார்க்கவில்லை. பட்டையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

தூசியை எல்லாம் ஊதித் துடைத்த பின், போர்டு புது ப்ராசஸரை ஏற்குமா என்று பார்க்க டார்ச் அந்த விசையை அழுத்தினாள். நீலத் திரை வந்தது. எட்டு வருடத்தில் அது கொஞ்சமும் மாறவில்லை.

"அக்கா, நாலுல ரெண்டு அணைஞ்சு கிடக்கு. வேகத்தையும் பாதிக்குக் கட்டி வச்சிருக்கு. யாரு பண்ணது?"

"அப்படின்னா?"

"ரெண்டு காலக் கட்டிப்போட்டுட்டு ஏன் ஓடலைன்னு திட்டியிருக்கீங்க."

"தானா இப்படி ஆகுமா?"

"ஆகாது. யாராவது கை வச்சாத்தான். சூடாகும்னு பயந்து பூட்டினவரே பண்ணியிருக்கலாம்." டார்ச் என் பக்கம் திரும்பினாள். "சார், கொஞ்சம் நகருங்க, ஒயர் மேல நாற்காலி இருக்கு."

நகர்ந்தேன்.

அவள் நான்கையும் திறந்துவிட்டு, வரம்பை எடுத்தாள். விசிறி எழும்பியது, முதலில் இருமல் போல, பிறகு ஒரே சீராக, முன்பைவிடப் பலமாக. "பழைய விசிறி, கத்தத்தான் செய்யும்," என்றாள். பதினோரு நிமிடக் கோப்பு மூன்று நிமிடத்தில் திறந்தது. கொண்டு வந்த ப்ராசஸரைப் பிரிக்காமலே பைக்குள் போட்டாள். "இது எதுக்குக்கா, வீண். இருக்கிறதே தாராளம். நாளைக்கு ஜமாய்ங்க."

அவள் போனதும் என் மனைவி பட்டையை மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் தொலைபேசியை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுத் தம்பியை அழைத்தாள். டார்ச் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"நீ குறைச்சு வச்சியாடா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. இந்தப் பக்கமும் இல்லை. அவள் அவசரப்படவில்லை. முழங்கையை மேசையில் ஊன்றி, என்னைப் பார்த்தபடி இருந்தாள். விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"வச்சிருக்கலாம்க்கா," என்றான் கடைசியில். "எனக்கு ஞாபகமே இல்ல. அப்ப எனக்கு அவ்வளவாத் தெரியாது. சூடாகுமோன்னு..." மூச்சை இழுத்துக்கொண்டான். "அக்கா, அப்ப உனக்கு அந்த வேலை போனது? அது என்னாலயா?"

அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். அப்புறம் பேசறேன்டா." துண்டித்தாள்.

நான் புத்தகத்தை மூடினேன். எப்போது கையில் எடுத்தேன் என்று தெரியவில்லை.

"அவன் பேசி முடிக்கிற வரைக்கும் உங்களுக்கு நேரம் கொடுத்தேன்," என்றாள்.

"சொல்லணும்னுதான்..."

"தூசி தட்டின பெட்டியில சீல் கிழியலை. எட்டு வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன், நீங்க தூசி தட்டினதை."

"மறந்துட்டேன்."

"அந்த வேலை போன அன்னைக்குமா?"

பொய் சொல்ல இடம் இருந்தது. "மூணு நாள் கழிச்சு ஞாபகம் வந்தது."

அவள் தலையசைத்தாள். கணக்கு சரியாக வந்துவிட்டது போல. "ஆறு வருஷம்," என்றாள். "எனக்குக் கை மெதுவுன்னு நான் சொல்லும்போதெல்லாம் அந்த நாற்காலிலதான் உக்காந்திருந்தீங்க. ஒரு தடவை, இல்லைன்னாவது சொல்லியிருக்கலாமே. காரணம் சொல்ல வேண்டாம். சும்மா, இல்லைன்னு."

 என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கட்டடம் வந்தது. நான் அலுவலகம் போகவில்லை. போகச் சொல்லியிருந்தால் போயிருப்பேன்.  சமையலறையில் நின்று அவள் முதுகைப் பார்த்தேன். அவள் கை எப்படிப் போகிறது என்பதை இத்தனை வருடத்தில் அன்றுதான் பார்த்தேன். மெதுவான கை அல்ல. திரை ஈடுகொடுத்தபோது அது எங்கும் நிற்கவில்லை. ஒரு தளத்தை முடித்து அடுத்ததற்குப் போகும்போது மட்டும் ஒரு நொடி நின்றது, கணினிக்காகக் காத்திருந்து காத்திருந்து வந்த பழக்கத்தில்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அனுப்பிவிட்டாள். ஐந்து மணிக்கு இன்னும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இருந்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கைகளை மடியில் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் இருந்தது, தொலைந்த பொருள் கிடைத்தவரின் முகம் அல்ல. எடுத்தவர் யார் என்று தெரிந்துகொண்டவரின் முகம்.

"இந்த வேலை கிடைச்சா நான் உள் அறைக்கு மாறிடுவேன்," என்றாள் திரையிடம். "கிடைக்காட்டியும் மாறிடுவேன். நீங்க படிக்கலாம்."

பிறகு தொலைபேசியில் எண்ணை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் என்னிடம் நீட்டினாள்.

"நீங்க பேசுங்க. நேத்திலேருந்து அவன் சாப்பிடலைன்னு அவன் பொண்டாட்டி சொன்னா."

வாங்கிக் காதில் வைத்தேன். அவள் அறையை விட்டுப் போகவில்லை. கணினியையும் அணைக்கவில்லை. வரைந்து முடித்த கட்டடத்தை மறுபடி திறந்து, குழாய்களை மேல் மாடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கினாள். விசிறி வேகம் பிடித்தது.

"சொல்லுங்க மாமா," என்றான் தம்பி. குரல் கம்மியிருந்தது. நான் அவனை அழைப்பது வழக்கமில்லை, அதனால் பயந்திருப்பான். "அக்கா அனுப்பிட்டாளா? மாமா? கேக்குதா?"

"கேக்குது."

"என்ன மாமா அங்க அவ்வளவு சத்தம்?"