எட்டடி முகப்பு

1

அடுத்தவர் தாள் ஒன்றை நான் திருப்பிக் கொடுக்காமல் வந்ததில்தான் இந்தக் கதை தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பட்டா நகல் எடுத்தேன். என் தாள்களோடு வேறொன்றும் சேர்ந்து வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். ஏதோ ஒரு கடைவீதியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கான வரைவு விதிகளின் ஒன்பதாம் பக்கம். 'பன்னிரண்டு அடிக்குக் குறைவான முகப்புள்ள மனைகளில் தனிக் கட்டடத்துக்கு அனுமதி இல்லை. பக்கத்து மனையோடு சேர்த்தே கட்ட வேண்டும்.' அதன் ஓரத்தில் யாரோ நீல மையில் எழுதியிருந்தார்கள்: 'எட்டடிக்காரன் என்ன செய்ய?'

இறங்கித் திருப்பிக் கொடுத்திருக்கலாம். பஸ் கிளம்பிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (கிளம்பவில்லை. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.)

கதையில் வரும் தெருவைத் தேடிப் போகாதீர்கள். ராஜபாளையத்தில் பாதியும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதியும் எடுத்து ஒட்டியது அது. ஆட்கள் என் கற்பனை.

2

'காலை ஆறு மணிக்குக் கடைவீதி சோம்பல் முறித்து…' வேண்டாம். எல்லாக் கதையிலும் கடைவீதி இதைத்தான் செய்கிறது.

'வளர்ச்சி யாருக்கானது என்ற கேள்வி இன்று…' இது கட்டுரை. அடித்தாயிற்று.

ரெனிட்டா டேப்பின் ஒரு முனையை ஷட்டர் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். இது நிற்கும்.

ரெனிட்டாவுக்கு இருபத்தொன்பது வயது. ராஜபாளையத்தில் பெனின் என்பவர் நடத்தும் கட்டட வரைபட ஆபீஸில் வேலை. கடைவீதிக்கான விதிகளை எழுதித் தரும் பொறுப்பு அந்த ஆபீஸுக்குக் கிடைத்திருந்தது. 'கிராமத்துச் சாயல் மாறாமல்' என்பது முதல் விதி. முன்பக்கம் ஓட்டுச் சாய்ப்பு இருக்க வேண்டும், கண்ணாடிச் சுவர் கூடாது, பெயர்ப்பலகை இன்ன அளவு என்று வரிசையாக வரும். பத்தொன்பது நாள் வெயிலில் நின்று நூற்றுப் பதினான்கு கடைகளை அவள் அளந்தாள். அவற்றில் நாற்பத்தொன்று பன்னிரண்டு அடிக்கும் குறைவு. அவர்களுக்காக அவளே பதினான்காம் விதியை எழுதினாள்: ஏற்கெனவே உள்ள குறுகிய கடைகள் அதே அளவில் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

இருப்பதிலேயே குறுகியது முத்தாத்தாளின் ஜெராக்ஸ் கடை. எட்டடி.

3

முத்தாத்தாளுக்கு ஐம்பது இருக்கும். கணவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த வருடமே இறந்துபோனார். கடை அதற்குப் பிறகு தொடங்கியது. போன மழையில் கூரையைத் தாங்கும் உத்தரம் விரிசல் விட்டுவிட்டது. இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக்கொடுத்து, அதன் கீழேயே மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த மழைக்குள் இடித்துக் கட்டிவிட வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். புதன்கிழமை ரெனிட்டா வரைபடங்களை நகலெடுக்க அந்தக் கடைக்கே போனாள்.

"நீதான அன்னைக்கு அளந்த பிள்ளை?" என்றாள் முத்தாத்தாள். "எட்டடின்னு எழுதிக்கிட்டுப் போனியே. அதை வச்சே என்னையத் தூக்குதாகளாம்ல?"

"இல்லக்கா. உங்களுக்கு விலக்கு இருக்கு. பதினாலாவது விதி. நான்தான் எழுதுனேன்."

"எங்க, காட்டு பாப்போம்."

அச்சிட்ட வரைவு அங்கேயே கட்டுக்கட்டாகக் கிடந்தது. தெருவே அவளிடம்தான் நகலெடுத்தது. ரெனிட்டா பக்கத்தைப் புரட்டினாள். பதின்மூன்று, குறைந்தபட்ச முகப்பு. பதினான்கு, வண்டி நிறுத்தும் இடம். முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள். இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்தாள். அவள் எழுதிய விதி இல்லை. எண்கள் மட்டும் எதுவுமே நடக்காததுபோல வரிசையாக இருந்தன.

"என்னம்மா, பேச்சே காணோம்?"

"ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்க்கா."

"கேளு. பக்கத்துக் கடைக்காரரு நேத்தே வந்து கேட்டுட்டாரு, எப்ப காலி பண்ணுதேன்னு."

பக்கத்துக் கடை கண்ணுச்சாமியின் ஜவுளிக்கடை. முப்பதடி.

4

ஆபீஸ் கம்ப்யூட்டரில் பழைய வரைவு இருந்தது. அதில் அவள் விதியும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் 'கண்ணுச்சாமி ஜவுளி, புதுக் கட்டடம்' என்றொரு கோப்பு. திறந்தாள். முன்பக்கத் தோற்றம். ஓட்டுச் சாய்ப்பு, மர வேலைப்பாடு, கிராமத்துச் சாயலுக்கு ஒரு குறையும் இல்லை. அகலம் போட்டிருந்த இடத்தில் கண் நின்றது. முப்பத்தெட்டடி.

தான் எழுதிய விதியை ஒரு தாளில் அச்செடுத்து மடித்துக் கைப்பையில் வைக்கும்போது பெனின் உள்ளே வந்தார். ஆபீஸில் அவரை அவள் 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். அன்று வேறு வந்தது.

"அண்ணே, கண்ணுச்சாமி கடை முப்பதடி. நான்தான் அளந்தேன்."

"தெரியும்."

"படத்துல முப்பத்தெட்டு இருக்கு."

பெனின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அந்தக்கா எப்படியும் விக்கத்தான் போறாக, ரெனி. உத்தரம் போயிருச்சு."

"விக்கலைன்னா?"

"விதி வந்துட்டா வித்துத்தான ஆகணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை நீ கூட்டத்துக்கு வர வேண்டாம். சோழபுரத்துல ஒரு நிலம் அளக்கணும். அங்க போயிரு."

5

பெனினைப் பற்றி ஒரு சந்தேகம் வந்து மூன்று வாரம் எழுதாமல் கிடந்தேன். முதல் வரைவில் அவருக்குத் தங்கச் சங்கிலியும் ஏளனச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ரெனிட்டாவின் அப்பா சூசை இறந்தபோது, டிப்ளமோவைப் பாதியில் விட்டு நின்றவளை வேலையில் சேர்த்து, பக்கத்தில் உட்கார்ந்து படம் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர். இன்றைக்கும் மாதா கோயிலில் அவள் அம்மாவுக்கு இடம்விட்டு எழுந்து நிற்பவர். ஆபீஸில் ஏழு பேர். கைக்கு வந்த ஒரே பெரிய கட்டடம் கண்ணுச்சாமியுடையது. இந்த மனிதர்தான் அந்த வரியை எடுத்தார். கெட்டவர் எடுத்திருந்தால் ரெனிட்டாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது, எனக்கும் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு அவள் சோழபுரம் பஸ்ஸில் ஏறினாள். இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். ஏன் இறங்கினாள் என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன்: மனசாட்சி, கோபம், அப்பாவின்…

மூன்றும் ஒட்டவில்லை. இறங்கினாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

6

கல்யாண மண்டபத்தில் கூட்டம். மதுரையிலிருந்து வந்த நகரமைப்புத் துறைப் பெண் அதிகாரி மேடையில் இருந்தார். பக்கத்தில் பெனின். முன்வரிசையில் கண்ணுச்சாமி. ரெனிட்டா கடைசி வரிசையில் தூணை ஒட்டி நின்றாள். பெனின் அவளைப் பார்த்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

முத்தாத்தாள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஓடு அப்படியே இருக்கணும்னு எழுதியிருக்கீக. நல்லது. ஓட்டுக்குக் கீழ இருக்க ஆளு மட்டும் இருக்கப்படாதா?"

மண்டபம் சலசலத்தது. அதிகாரி பெனினிடம் திரும்பினார். "சின்னக் கடைகளுக்கு விலக்கு யோசிச்சீங்களா?"

"யோசிச்சோம் மேடம். அந்த மாதிரி நாலஞ்சு கடைதான் இருக்கு."

"நாப்பத்தொண்ணு."

யார் குரல் அது என்று எல்லோரும் திரும்பினார்கள். தன் குரல்தான் என்பது ரெனிட்டாவுக்கும் அப்போதுதான் தெரிந்தது. நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய், மடித்து வைத்திருந்த தாளை மேடையில் வைத்தாள்.

அதிகாரி படித்தார். "யார் எழுதினது?"

"நான்தான் மேடம்."

"அச்சுல ஏன் இல்ல?"

பெனினின் கை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தது. முப்பத்தெட்டடி என்ற சொல் அவள் வாய்வரை வந்தது.

"அதை அவியகிட்டத்தான் கேக்கணும்," என்றாள்.

"விட்டுப்போச்சு மேடம்," என்றார் பெனின்.

"விட்டுப்போச்சா, எடுத்தீங்களா?"

கண்ணுச்சாமி அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அதிகாரி குறிப்பு எழுதினார். பிறகு ரெனிட்டாவிடம் சொன்னார்: "இந்த விலக்கை நீங்களே சரியான வாசகத்துல எழுதி அஞ்சு மணிக்குள்ள கொடுங்க. இன்னைக்கே சேர்த்துடறேன். ஆனா ஒண்ணு. அளவுப் பட்டியல்ல இருக்கிற கடைகளுக்கு மட்டும்தான் இப்படிச் சேர்க்க முடியும். பட்டியல்ல இல்லாத யாரையாவது சேர்த்தா, முழு வரைவையும் திரும்ப அறிவிக்கணும். மூணு மாசம் ஓடிடும்."

எல்லோரும் எழுந்திருக்கும்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "எனக்கு எத்தனை அடி போட்டிருக்கீக?"

இருளம்மாள். ஜவுளிக்கடைக்கு எதிரே சாக்கடை மூடியின் மேல் உட்கார்ந்து கொய்யாவும் வெள்ளரிக்காயும் விற்பவள். இருபது வருடமாக. சிலர் சிரித்தார்கள். ரெனிட்டா சிரிக்கவில்லை. நூற்றுப் பதினான்கு கடைகளின் பட்டியல் அவள் மனதில் ஓடியது. சுவர் இருந்ததை எல்லாம் அளந்திருந்தாள். டேப் போடுவதற்காக, 'கூடையைச் செத்த நகத்துங்க' என்று இந்த அம்மாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

7

மண்டபத்தின் பந்திக் கூடத்தில் நீள மேசை முன் ரெனிட்டா தனியாக உட்கார்ந்தாள். பெனின் வந்து நின்றார்.

"என்னையக் காட்டிக்கொடுக்காம விட்டுட்டேன்னு நினைக்கியா?"

அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"ஆபீஸ் சாவியத் திங்கக்கிழமை கொடுத்துரு," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை அழவைத்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். 'இத்தெருவில் ஏற்கெனவே உள்ள…' அடித்தாள். 'பட்டியலில் கண்டுள்ள…' அடித்தாள். முத்தாத்தாள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த இருளம்மாளையும் சேத்து எழுதப் பாக்குத, அப்படித்தான?"

"அவியளும் அந்தத் தெருதானக்கா."

"நான் இல்லைன்னா சொன்னேன்? என் கடை வாசல்லதான் தண்ணி வாங்கிக் குடிக்கா." முத்தாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "மூணு மாசம்னா மழை வந்துரும் தாயி. அந்தக் குழாய் எம்புட்டு நாளைக்குத் தாங்கும்? மொதல்ல என்னது நிக்கட்டும். பொறவு அவளுக்கும் சேந்து நானே வந்து மைக்கைப் புடிக்கேன்."

"வருவீங்களா?"

முத்தாத்தாள் உடனே பதில் சொல்லவில்லை. அவள் நேர்மையானவள்.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். முதலாவதில் ரெனிட்டா நாற்பத்தொரு கடைகளை மட்டும் காப்பாற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். அதைப் படித்தால், இருளம்மாளை இன்னொருமுறை நகர்த்தியது நான்தான் என்று தோன்றியது. இரண்டாவதில் எல்லோரையும் சேர்த்து எழுதுகிறாள். மழை வருகிறது, உத்தரம் விழுகிறது, முத்தாத்தாள்… அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ஒரு நல்ல காரியத்துக்குத் தண்டனையாக ஒருத்தியைக் கொல்ல எனக்கு என்ன உரிமை?

முடித்து வைக்கும் தைரியம் எனக்கு வரவில்லை. மறைப்பதற்கில்லை.

நாலே முக்கால் ஆகிறது. அதிகாரியின் வண்டி வாசலில் நிற்கிறது. எதிர்ச் சுவரின் நிழலில் இருளம்மாள் கூடைக்கு ஈரத்துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது அவளுக்குத் தெரியாது. முத்தாத்தாள் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரெனிட்டா வாக்கியத்தை ஏறக்குறைய முடித்துவிட்டாள். ஒரே ஒரு சொல் பாக்கி. 'கடைக்காரர்களுக்கு' என்றும் போடலாம், 'அனைவருக்கும்' என்றும் போடலாம். அவள் தலை நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள்.

'இவ்விதிகள் நடைமுறைக்கு வரும் நாளில் இத்தெருவில் வணிகம் செய்துவரும் ………… அவரவர் இடம், இப்போதுள்ள அளவிலேயே உண்டு.'