ராய்ஸ் விற்ற சிட்டுகள்

அடுப்பில் பன்றி இறைச்சித் துண்டுகள் பொரிந்துகொண்டிருக்க, ராய்ஸ் சமையலறை மேசையருகே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, குட்டித் துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து விட்டான். டக்கென்று முதல் தோட்டா உள்ளே ஏறியது. விசையை மூடி நிற்கும் தோலுறைக்குள் அதைச் செருகி, மனைவி டார்லாவின் கைப்பைக்குள் அதற்கென்றே தனியாக ஜிப் வைத்துத் தைத்த அறையில் வைத்தான். அந்த அறையில் வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது அவன் சட்டம். சாவியோ உதட்டுச்சாயமோ விசையில் மாட்டினால் என்ன ஆகும் என்று ஊரில் பாதிப் பெண்களுக்குப் பாடம் எடுத்தவன் அவன். பிறகு வழக்கம்போலப் பையை இரண்டு தட்டுத் தட்டி, "ஆச்சு கண்ணு, உன் சிட்டு கூண்டுக்குள்ள போயாச்சு" என்றான். டார்லாவும் வழக்கம்போல அவன் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். மற்றவர்கள் வீட்டில் கணவன் கதவைத் திறந்துவிடுவான், வண்டியின் பனியைச் சுரண்டிக் கொடுப்பான். அவள் வீட்டில் இது.

துப்பாக்கிக் கடையில் கல்லாப்பக்கம் நிற்கிறவன் ராய்ஸ். அமெரிக்காவின் ஒசார்க் மலைப்பக்கத்து அந்தச் சின்ன ஊரில், பெண்டாட்டிக்குத் துப்பாக்கி வாங்க வரும் ஆண்களெல்லாம் அவனைத்தான் தேடி வருவார்கள். அவன் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தான். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி. எடை இல்லை, பையில் இருப்பதே தெரியாது, பார்க்கவும் லட்சணம். சிட்டு என்று பெயர் வைத்ததும் அவன்தான். முதல் சிட்டு டார்லாவுக்குத் திருமண நாள் பரிசாக வந்தது. அவள் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட். ஆளில்லாத பண்ணை வீடுகளில் முன்பின் தெரியாதவர்களோடு தனியாக ஏறி இறங்குகிற வேலை. அவள் காரில் கிளம்பிப் போவதை வாசலில் நின்று பார்க்கும்போதெல்லாம் தனக்கு அன்றைக்குக் கல்லாவில் கணக்கே ஓடாது என்று அவன் சொல்லியிருக்கிறான். சிட்டு வந்தபிறகுதான் நிம்மதியாம்.

அந்த நிம்மதி இப்போது அவளுக்கு இல்லை. வான்கோழி வேட்டைப் பருவம் தொடங்கிய திங்கட்கிழமை, ராய்ஸ் விடிவதற்கு முன்பே காட்டுக்குப் போய்விட்டான். சிட்டு குழலில் தோட்டா ஏறாமலே பெட்டகத்தில் இருந்தது. சரி, நாமே இழுத்துக்கொள்ளலாம் என்று எடுத்து வந்தவள், வீடு காட்டும் இடத்துக்குப் போனதும் காரை மரத்தடியில் நிறுத்தி இழுத்தாள். அசையவில்லை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அவ்வளவு முறுக்கு. கை வழுக்குகிறதோ என்று பாவாடையில் துடைத்துக்கொண்டு இழுத்தாள், துணி சுற்றி இழுத்தாள். விரல் நுனியில் தோல் உரிந்ததுதான் மிச்சம். அதற்குள் வீடு பார்க்க வந்த ஆள் இறங்கிவிட்டான். நெடுநெடுவென்று ஒருவன், ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை முன்னால் போகவிட்டு, ஒவ்வொரு அறையிலும் கதவை மறித்துக்கொண்டு நின்றான். பையில் ஓர் இரும்புக்கட்டியை வைத்துக்கொண்டு அடித்தள அறைக்கு அவனோடு படியிறங்கியதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உள்ளங்கை ஈரமாகும். பாவம், அவன் வெறும் கூச்ச சுபாவி. மறுநாளே வீட்டைப் பிடித்திருக்கிறது என்று போன் செய்தான். ஆனால் அவள் பயந்தது பயந்ததுதான்.

இதை அவள் நெல்டாவிடம் மட்டும் சொன்னாள். தேவாலயத்தில் பியானோ வாசிக்கிற நெல்டா, பெண்கள் மட்டும் சுட்டுப் பழகும் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கும் தலைவி மாதிரி. கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் தோள் குலுங்கியது. அவளுக்கும் ராய்ஸ் சிட்டுதான் விற்றிருந்தான். அது சாக்ஸ் வைக்கிற இழுப்பறையில் தூங்குகிறதாம். அவள் பையில் இருந்தது அதைவிடக் கொஞ்சம் பருத்த, குழல் நீண்ட ஒன்று, பக்கத்து ஊருக்குப் போய் வாங்கியது. "இத்தனூண்டு எடைல சுடறப்ப வர்ற உதை எங்கடி போகும்? கையிலதான் இறங்கும்" என்றாள். பல் டாக்டரின் மனைவியும் அப்படித்தான் மாற்றினாளாம், தபால் நிலையத்துப் பெண்ணும் அப்படித்தானாம். பிறகு ஏன் யாரும் ராய்ஸிடம் சொல்லவில்லை என்று டார்லா கேட்டாள். "எப்படிடி சொல்றது? புயல்ல என் கூரை பறந்தப்ப கூப்பிடாமலே ஏணியோட வந்து நின்னவன். பார்க்கும்போதெல்லாம் சிட்டு எப்படி இருக்குன்னு குழந்தையை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பான். நீ பெண்டாட்டி, நீயே சொல்லு."

சொல்வதாகத்தான் இருந்தாள். ஆனால் காலையில் அவன் இழுத்து, செருகி, தட்டிக் கொடுக்கும்போது வாய் வரவில்லை. தானே இழுத்துக்கொள்ள முடிகிற ஒன்றை வாங்கிவிட்டால் அந்த இரண்டு தட்டுக்கும் வேலை இருக்காது. கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் காலையில் கணவன் தன்னை நினைத்துச் செய்கிற காரியம் ஒன்று இருப்பது சின்ன விஷயமில்லை.

அன்று சனிக்கிழமை. துப்பாக்கிச் சுடுதளத்தில் வசந்தகால விருந்து. டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. மேசைகளில் புகையில் வெந்த பன்றியிறைச்சி, உருளைக்கிழங்கு சாலட், பாதாம் போன்ற பெக்கான் பருப்புகள் மேலே மினுங்கும் இனிப்பு அப்பம். ராய்ஸ் பல வாரமாகத் திட்டமிட்டிருந்த நிகழ்ச்சி அன்றைக்குத்தான். பையில் வைக்கத் தோதான மூன்று துப்பாக்கிகளை ஒப்பிட்டுக் காட்டப்போகிறான்: குறி, நம்பகம், கூடவே வைத்துக்கொள்வதில் பாதுகாப்பு. சுடப்போவது டார்லா.

முதலில் குட்டை ரிவால்வர். இது சிக்கவே சிக்காது, விசை கனமாக இருப்பதால் தவறிப்போய் வெடிக்காது, ஆனால் அந்தக் கனமே குறியைக் கெடுக்கும் என்றான். அவன் சொன்னபடியே அவள் தோட்டாக்கள் குறி அட்டையில் மூலைக்கொன்றாகப் போயின. அடுத்தது நெல்டா வைத்திருப்பது போன்ற நடுத்தரம். அதை ராய்ஸ் எடுப்பதற்கு முன்பே டார்லா எடுத்துவிட்டாள். குறிக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைப் பார்த்து நீட்டி மேல்பாகத்தை இழுத்தாள். நன்றாகச் சோப்புத் தடவிய இழுப்பறை மாதிரி வந்தது. சுட்டாள். கை துள்ளவில்லை. ஓட்டைகள் எல்லாம் ஒரு பிஸ்கட் அகலத்துக்குள் விழுந்திருந்தன. ராய்ஸுக்கு வாயெல்லாம் பல். "கை சூடாயிடுச்சு அவளுக்கு. இப்பப் பாருங்க சிட்டை" என்றபடி சிட்டை எடுத்து, பழக்கதோஷத்தில் தானே இழுத்து, மேசைமேல் வைத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

டார்லா தொடவில்லை. "காலி பண்ணி வை ராய்ஸ். நானே இழுக்கிறேன்" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே காலி செய்து வைத்தான். அவள் எடுத்து இழுத்தாள். அசையவில்லை. பிடியை மாற்றிப் பிடி, இழுக்காதே, இந்தக் கையால் முன்னுக்குத் தள்ளு என்று அவன் சொல்லிக் கொடுத்தான். நல்ல யோசனைதான். அவள் தள்ளினாள். முகம் சிவந்தது, சிட்டு அசைந்துகொடுக்கவில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். "விடு, விரல் போயிடும்" என்று அவன் கை நீட்டியபோது அவள் அதைக் கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள்.

"நீ வான்கோழிக்குப் போன அன்னைக்கும் இப்படித்தான். கார்ல உட்கார்ந்து எவ்வளவு நேரம் இழுத்தேன் தெரியுமா? அப்புறம் காலித் துப்பாக்கியோட அந்த ஆள்கூடக் கீழ் அறைக்கு இறங்கினேன்."

ராய்ஸின் முகத்தில் இருந்த கடைக்காரன் போய்விட்டான். "எந்த ஆளு? என்ன பண்ணான்?"

"வீட்டை வாங்கினான்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ராய்ஸ் சிரிக்கவில்லை. சிட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சுடும்போது நடுவில் தோட்டா சிக்கிக்கொண்டாலும் இவளால் சரிசெய்ய முடியாது என்று அவன் மனம் கணக்குப் போடுவது அவளுக்குத் தெரிந்தது. கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" குரல் இறங்கிவிட்டது.

இத்தனை பேர் முன்னால் இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. "காலைல நீ இழுத்து வெச்சுக் கொடுக்கிறது எனக்குப் பிடிச்சிருந்தது, அதான். ஒரு நாளைக்கு அந்த ஒரு தடவைதான் நீ பாடம் எடுக்காம எனக்காக எதாச்சும் செய்யற."

இந்த முறை சிரிப்பு ராய்ஸின் மூக்கு வழியாக வந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இங்கே வேறு யாருக்காவது இந்தத் தொல்லை உண்டா என்று கேட்டான். நெல்டா காகிதத் தட்டை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். அதற்குப் பின்னால் பல் டாக்டரின் மனைவி. தபால் நிலையத்துப் பெண் பாதி தூக்கி, கணவனைப் பார்த்து, முழுக்கத் தூக்கினாள். கைகள் ஏறிக்கொண்டே போயின.

"அடக்கடவுளே. ஊருக்கே வித்திருக்கேன் நான். நீங்களாவது சொல்லக் கூடாதாக்கா?" என்றான் நெல்டாவிடம்.

"உன் மூஞ்சியைப் பார்த்தா எப்படி தம்பி வாய் வரும்? என் சிட்டு சாக்ஸுக்கு நடுவுல சௌக்கியமா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

திங்கட்கிழமை எல்லோரும் கடைக்குக் கொண்டுவாருங்கள், முதலாளியிடம் பேசி மாற்றித் தருகிறேன், இனிமேல் கையைப் பார்க்காமல் எவனுக்கும் விற்கமாட்டேன், வாங்குகிறவளே வந்து இழுத்துப் பார்க்கட்டும் என்றான். பிறகு, மூன்றாவது துப்பாக்கியின் முடிவை எல்லோரும் பார்த்தாகிவிட்டது, போய்ச் சாப்பிடுங்கள் என்று விரட்டினான். ஆனால் யாரும் போகவில்லை.

அவன் நடுத்தரத்தின் மேகசினை எடுத்துத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக அழுத்தி நிரப்பினான். துப்பாக்கிக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தான். இழுக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றான். அந்தக் கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதை டார்லா பார்க்காதமாதிரி பார்த்தாள். காதுமூடியை இழுத்துவிட்டுக்கொண்டாள். மேகசினைச் செருகினாள். மேல்பாகத்தை இழுத்து விட்டாள். டக்.

சுட ஆரம்பித்ததும் காலித் தோட்டா உறைகள் வலப்பக்கம் தெறித்து மண்ணில் விழுந்தன. இழுத்துக் கொடுக்கும் வேலை போன ராய்ஸ் தொப்பியைக் கழற்றி, அவளுக்கு வலப்புறம் சற்றுப் பின்னால் போய், ஆப்பிள் பொறுக்குகிறவன் மாதிரி ஏந்திப் பிடித்தான். ஒன்று தொப்பிக்குள் விழுந்தது. இன்னொன்று. அடுத்தது விளிம்பில் பட்டு எகிறி அவன் சட்டைக் காலருக்குள் போய்விட்டது. சூடு. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தோளைச் சிலுப்பி ஆடினான், ஆனால் தொப்பியை மட்டும் கீழே இறக்கவில்லை. நெல்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டார்லாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. முன்னால் இருந்த அட்டையையே பார்த்தபடி அடுத்ததைச் சுட்டாள். பித்தளை உறை வெயிலில் ஒருமுறை மின்னிச் சுழன்று அவன் பக்கம் போனது.