காதுக்குப் பின்னால் என் வழி

மார்லிஸ் ஹாகனிடம் கையுறை அளவை யாரும் கேட்பதில்லை. மண்டையோட்டின் அடியில் வளரும் கட்டிகளை எடுக்கக் கற்றுக்கொள்ள, இருவரும் ஒரே நாளில்தான் பிட்ஸ்பர்க் வந்தோம். ஆனாலும் ஆபரேஷன் அரங்கில் அவளைக் கண்டதுமே நர்ஸ் டொலோரஸ் சரியான உறையைப் பிரித்து வைத்துவிடுவாள். என்னைப் பார்த்தால் மட்டும், "உங்க சைஸ் என்ன சொன்னீங்க, டாக்டர்?"

அந்த வாரக் கூட்டத்தில் வாண்டா சோப்சாக் என்ற நோயாளியின் ஸ்கேன் படங்கள் திரையில் வந்தன. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். மூளைத்தண்டுக்கு முன்னால், சற்று ஓரமாக, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. "ரோடு இப்ப ஒண்ணாத்தான் தெரியுது. அத ரெண்டாக்கிடாதீங்க" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

ஆபரேஷனில் துணைக்கு, மைக்ராஸ்கோப்பில் எங்கள் தலைவர் ரோர்க்குக்கு எதிரே உட்காரப்போவது யார்? எனக்கு அதுதான் கேள்வி. அந்த நாற்காலியில் இதுவரை மார்லிஸ் மட்டுமே உட்கார்ந்திருக்கிறாள்.

மூக்கு வழியாகப் போகலாம் என்றாள் அவள். கண்ணைத் திருப்பும் நரம்பு கட்டிக்கு அப்பால் இருக்கிறது, காதுக்குப் பின்னால் திறக்க வேண்டும் என்றேன் நான். தானமாக வந்த தலை ஒன்றில் இரண்டு வழியையும் அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

முடிவெடுக்கும் முன் ரோர்க் எப்போதும் செய்வதைச் செய்தார். "சரி, மாத்திப் பேசுங்க. நிமலா, நீ மார்லிஸ் வழிக்கு வக்கீல். அவ உன் வழிக்கு."

அவளுக்காக நான் வாதாடுவதா?

"மூக்கு வழி ரொம்ப அழகு. தழும்பே இருக்காது, போட்டோவுக்கு நல்லது" என்றேன். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பிடித்துப்போனது. "கட்டி நடுவுல இருந்தா போகலாம். மார்லிஸுக்கு எல்லாக் கட்டியும் நடுவுலதான் இருக்கு."

"வக்கீலா நில்லுன்னா எதிர்க்கட்சியா நிக்கிறியேப்பா" என்றார் ரோர்க். "மார்லிஸ், நீ சொல்லும்மா."

அவள் திரையருகே போனாள். "நிமலன் சொல்றதுதான் சரின்னு இப்ப தோணுது. கண்ணை வெளிப்பக்கம் திருப்புற நரம்ப இந்தக் கட்டி நடுப்பக்கமா தள்ளி வச்சிருக்கு. மூக்கு வழியா போனா வாசல்லயே அந்த நரம்பு நிக்கும், அது அடிபட்டா எல்லாம் ரெண்டாத் தெரியும். காதுக்குப் பின்னாடி போனா முதல்ல கட்டி, அதுக்கு அந்தாண்டதான் நரம்பு. ஆனா போற வழியில முக நரம்பு குறுக்க வரும். அதத் தொடாம, மேல இருக்கிற சந்துல நுழையணும்."

முன்பு பேசியபோது முக நரம்பைப் பற்றி நான் சொல்லவே இல்லை. என் வழியை என்னைவிடத் தெளிவாகச் சொல்கிறாளே என்று வயிறு எரிந்தது.

"காதுக்குப் பின்னாடிதான். வழி நிமலனோடது" என்றார் ரோர்க். நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எதிர்ல மார்லிஸ் உக்காரட்டும். குறுக்க என்ன வரும்னு அவதான் பார்த்தா."

வெளியே வந்ததும் அவள் என் தோளைத் தட்டினாள். "என்னப்பா, சிரிப்பையே காணோம்? முக நரம்பு வேலை செய்யுதா?"

"நல்லாத்தான் செய்யுது."

"அப்ப கொஞ்சம் சிரிச்சுக் காட்டு."

பல்லைக் காட்டினேன்.

ஆபரேஷனன்று அவர்களுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். கட்டி துண்டு துண்டாக வந்தது. கடைசித் துண்டு விலகியதும், வெள்ளை நூல்போல கண்ணைத் திருப்பும் அந்த நரம்பு அறுபடாமல் கிடந்தது.

"நிமலன் சொன்ன இடத்துலயே இருக்கு" என்றாள் மார்லிஸ், எல்லோருக்கும் கேட்கும்படி. அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

மறுநாள் வாண்டாவின் கண்ணைச் சோதிக்கச் சொன்னார் ரோர்க். விரலை உயர்த்தி மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினேன். அவர் கண்ணும் கூடவே கடைசி வரை வந்தது.

"எத்தனை விரல்?"

"ஒண்ணு. ஒண்ணேதான்!" குரல் உடைந்தது. "யாரு டாக்டர் பண்ணது?"

ரோர்க் மார்லிஸைக் காட்டினார். "என் கூட உக்காந்தது இவதான்."

வாண்டா அவள் கையை இழுத்து முத்தமிட்டார். "வழி இவரு கண்டுபிடிச்சதும்மா" என்று மார்லிஸ் என் பக்கம் கை காட்டினாள். வாண்டா திரும்பவில்லை, அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

என் விரல் இன்னும் உயர்ந்தே இருந்தது. மடக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.