செருப்பு துடைக்க வந்தவன்

எங்கள் ஊர் குருத்வாராவுக்குத் தலைவராகிவிட வேண்டும் என்று பிக்கர் சிங்குக்கு நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் அமிர்தசரஸ் பொற்கோயிலில் செருப்பு துடைக்க வந்தான். என்னையும் இழுத்து வந்தான். ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு வாய் வேண்டுமே!

கும்பிட வருகிறவர்களின் செருப்பை வாங்கித் தூசி தட்டித் துடைத்து வைப்பது சீக்கியர்களான எங்களிடம் பெரிய தொண்டு. அந்தத் தூசியை நெற்றியில் இட்டுக்கொள்கிறவர்கள்கூட உண்டு. கோயிலுக்கு நாலு பக்கமும் வாசல், யாரும் வரலாம். ஆனால் ராஜாவானாலும் படி இறங்கித்தான் உள்ளே போகவேண்டும். செருப்போடு தலைக்கனத்தையும் அதற்கு முன்பே கழற்றி வைக்கிற இடம் இது. பிக்கர் எங்கே கழற்றினான்? ஒவ்வொரு ஜோடியைத் துடைக்கும்போதும், ஊர்க்காரர் யாராவது பார்க்கிறார்களா என்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தான்.

நசீப் கௌர் பார்த்தாள். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள், வாயாடி. செருப்பை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அட, பிக்கர் அண்ணனா! கடைசியில அஞ்சு பேரும் கூடித் தண்டனை குடுத்துட்டாங்களா?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தப்புச் செய்தவர்களுக்கும் குருத்வாராப் பெரியவர்கள் ஐந்து பேர் கூடி இதே வேலையைத்தான் விதிப்பார்கள். பாத்திரம் கழுவு, செருப்புத் துடை என்று.

பிக்கருக்கு முகம் சிவந்துவிட்டது. "தண்டனையா? நானா வந்து செய்யிற தொண்டு இது! வேணும்னா இவனக் கேளு."

"ஆமாம்மா, தொண்டுதான்" என்றேன்.

"அப்படியா? நான் சிந்தர் விஷயமாக்கும்னு நெனச்சுட்டேன்."

சிந்தர், பிக்கருடைய செத்துப்போன தம்பியின் மனைவி. தம்பி போன கையோடு முற்றத்தின் நடுவில் சுவர் வைத்தான் பிக்கர். தண்ணீர் பம்பு அவன் பக்கம் வந்தது. அன்றிலிருந்து அவள் குருத்வாராக் குழாயில் பிடித்து, அவன் வாசலைத் தாண்டித்தான் வாளியைத் தூக்கிப் போகிறாள்.

"அவ ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கலண்ணே. வாளியோட வர்றப்ப நாங்கதான் தலையக் குனிஞ்சுக்கறோம்." விளையாட்டாக ஆரம்பித்தவள் சிரிப்பில்லாமல் முடித்தாள். "சரி, நல்லாத் துடைங்க. அடியில சாணி இருக்கு."

டோக்கனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தத் தெருவில்தானே நானும் இருக்கிறேன்? பிக்கர் அந்த ஒரு ஜோடியையே துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு யார் வந்து நின்றாலும் அவன் நிமிரவில்லை. கைகளை மட்டும் நீட்டினான்.

வெயில் ஏறியதும் தண்ணீர் கொடுக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். கிண்ணத்தை அவன் முன்னால் நீட்டினார்.

"குடிங்க தம்பி."

"வேணாங்க."

"உதடு காஞ்சு கெடக்கு, வேணாங்கிறீங்க. தண்ணியில என்ன கணக்கு? தொண்டு செய்யிறவர் தாகத்தோட இருக்கலாமா?"

பிக்கர் கிண்ணத்தைப் பார்த்தான். கை போகவில்லை.

"தொண்டு இல்லீங்க" என்றான். "தண்டனை."

"அடடா! யாரு விதிச்சது?"

பிக்கர் அடுத்த செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இன்னும் யாரும் விதிக்கலீங்க."