பூட்ஸ் போட்ட பேய்

மலைமேல் புதூர்நாட்டில் எங்கள் மண் வீட்டை வாடகைக்குப் பிடித்துப் பேய்ப்படம் எடுத்தார்கள். ஏதோ வீடியோ கேமைப் படமாக்குகிறார்களாம். என் மாமியார் சாந்தம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: செருப்புக் காலோடு யாரும் உள்ளே வரக்கூடாது, சாமை கொட்டிவைக்கும் குதிருக்குப் பக்கத்தில் சாமி இருக்கிறது. படக் கம்பெனி மேனேஜர் வெற்றிச்செல்வன் நன்றாகத் தலையாட்டினார். பிறகு படப்பிடிப்பு முடியும்வரை எங்களை உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

தியேட்டரில் ஓடியபோது மலையிலிருந்து யாரும் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. போன வாரம் ஓடிடியில் வந்தது. என் போனை டிவியோடு இணைத்தேன், தெருவே கூடிவிட்டது. எங்கள் கதவை உதைத்துக்கொண்டு பேய் நுழைந்ததும் எல்லோரும் அலறினார்கள்.

மாமியார் மட்டும், "நிறுத்துடி, அது கால காட்டு" என்றார்.

முழங்கால் வரை பூட்ஸ். சேற்றோடு குதிர்வரை நடந்திருந்தது.

உடனே வெற்றிச்செல்வனுக்குப் போன் போடச் சொன்னார்.

"இன்னாம்மா, பயந்துட்டீங்களா?" என்று அவர் சிரித்தார்.

"பேய்க்கு யாருப்பா பூட்ஸ் மாட்டி வுட்டது?"

"கேம்லயே அது அப்டித்தாம்மா இருக்கும். மாத்துனா கேம் ஆடுறவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"சரி, நாளைக்கு அந்தப் பேய அனுப்பி வையி. சாணி கரைச்சு வெக்கறேன். வந்து வூட்ட மொழுவிட்டுப் போவட்டும்."