வெள்ளையும் ரோஸும்

மரவள்ளிக் காட்டில் களையெடுக்கக் குந்திய பொன்னுரங்கத்தால் எழுந்திருக்க முடியவில்லை. வரப்பில் வந்த கமலா பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாங்க, வேர் வுட்டுட்டீங்களா?"

"கை குடுடி. தொடையில யாரோ கட்டையால அடிச்ச மாதிரி கீது."

நைனார்பாளையத்தில் காட்டுவேலை செய்கிறவனுக்குக் கால்வலி ஒரு நோயில்லை. கமலா தைலம் தேய்த்துவிட்டாள். மறுநாள் அவரால் பைக்கை உதைக்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் கட்டிலை விட்டே இறங்கவில்லை. பின்கட்டுக்கு ஒண்ணுக்குப் போகக்கூட அவளைக் கூப்பிடாததை அவள் கவனிக்கவில்லை.

அன்று காலை, மாசாமாசம் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் நர்ஸ் கண்ணகி வந்தாள். மாத்திரை டப்பாவைத் திறந்தவள் ரோஸ் நிற அட்டை ஒன்றை எடுத்தாள்.

"இது ஏதும்மா?"

"கள்ளக்குறிச்சி டாக்டரு குடுத்தது. மருமவன் இட்டுக்கினு போனாரு. வெள்ளை உங்களது, ரோஸு அவருது. ரெண்டும் கொழுப்புக்குத்தான்."

"ரெண்டையுமா போடறாரு?"

"மலைக்கோயில்ல கெடா வெட்டனோமே, அதுலேந்து வேளைக்கு ரெண்டு ரெண்டா போட்டுக்கினு கீறாரு. மூணு நாளு கறி தின்னாராம்."

கட்டிலிலிருந்து பொன்னுரங்கம் சொன்னார்: "மாவுப்பூச்சிக்கு மருந்து கம்மியா அடிச்சா சாவுதா சிஸ்டர்? கொழுப்பும் அப்படித்தான்."

கண்ணகி சிரிக்கவில்லை. அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள். இரண்டாவது தரமும் படித்தாள்.

"ரெண்டும் ஒரே மருந்தும்மா. கம்பெனிதான் வேற. இவ்ளோ ஜாஸ்தியா போனா கொழுப்போட நிக்காது, சதையே கரைஞ்சு போயி கிட்னியில அடைச்சிக்கும்." கட்டில் பக்கம் திரும்பினாள். "ஐயா, ஒண்ணுக்கு இன்னா கலர்ல போவுது?"

"அதெல்லாம் நல்லாத்தான் போவுது." சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கண்ணகி வாசலுக்குப் போய் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். ஊர் பேரை உரக்கச் சொல்வது கேட்டது.

மாற்று வேட்டி எடுக்கக் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்தாள் கமலா. பெட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அடியில் ஒரு விரல்கடை அளவு, கருப்பாக.

"கடுங்காப்பிய குடிக்காம இதுல ஊத்தி வச்சிக்கினீங்களா?"

குனிந்து எடுத்தாள். டப்பா வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பங்கரையில், விடியற்காலையில் அவர் கடுங்காப்பி குடித்துவிட்டுக் கொடுத்த டம்ளர், கழுவிக் கவிழ்த்தது கவிழ்த்தபடி காய்ந்திருந்தது.